பொதுப் பகையும் உட்பகையும்
(கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜப்பானியர் காலம்)



திருவள்ளுவர் பகைவரின் இயல்பையும் அவர்தம் திறத்தை அறியும் வகையையும் கூறி முடித்த கையோடு, உட்பகை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். வாசலில் நிற்கும் பகைவனைக் காட்டிலும் வீட்டுக்குள் இருக்கும் பகை கொடியது என்பது அவர் கருத்து. அந்தக் கருத்துக்கு நம் நாட்டு வரலாற்றிலிருந்தே ஒரு சான்று காட்ட முடியும். 1941-ஆம் ஆண்டு முதல் 1945-ஆம் ஆண்டு வரை கிள்ளான், கோலாலம்பூர் வட்டாரங்களில் வாழ்ந்த இந்தியரின் கதையே அது.

ஜப்பானியர் காலம் என்றதும் நாம் எல்லாரும் நினைப்பது அவர்களுடைய கொடுமையைத்தான். அது மறுக்கவோ குறைக்கவோ கூடியதன்று. ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. ஜப்பானிய வீரன் நிலையாகத் தங்கியிராத தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அது எவ்வாறு இயன்றது? பகைவனின் வாள் மட்டும் அதனைச் செய்யவில்லை. நம்மிடையே ஏற்கனவே இருந்த பிளவுகளும் அவனுக்கு வழிவிட்டன. இன்றைய உரையில் அதைத்தான் ஆராய இருக்கிறோம்.

முதலில், போருக்கு முன்பு நிலைமை என்ன என்று பார்ப்போம். அக்காலத்து ரப்பர்த் தோட்டம் ஒரு தனி உலகம். மேட்டில் துரையின் பங்களா, சற்றுத் தள்ளிக் கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் தொழிலாளர் லயங்கள். கிராணிமாரில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்த மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் ஆவர். லயங்களில் இருந்தோரில் மிகப் பலர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த ஏழைகள். இவர்களுக்கு நடுவில் கங்காணி நின்றார். தம் ஊர் ஆட்களைத் தாமே அழைத்து வந்தவர் அவர். வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கைக்கேற்பத் தலைக்காசு பெற்றவரும் அவரே.

பட்டணத்திலும் இத்தகைய வேற்றுமை இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் இருந்தன. அங்கே அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவரும், தண்டவாளத்தில் கூலி வேலை பார்த்தவரும் அருகருகே வாழ்ந்தனர். ஆனால் நெருங்கி வாழவில்லை. ஒரே முருகனை வணங்கியவர்களுக்குள்ளும் இலங்கையர், இந்தியர் என்ற வேறுபாடும், படித்தவர், கூலிக்காரர் என்ற வேறுபாடும், சாதி வேறுபாடும் நின்றன.

இந்தப் பிளவு முதன்முதலில் பெரிதாக வெடித்தது கிள்ளானில். 1941-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தங்கள் எழுந்தன. தலைமை தாங்கியது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் தலைவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழின் துணையாசிரியராக இருந்தவர். ஐரோப்பாவில் போர் நடந்ததால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. ஆனால் தமிழ்த் தொழிலாளிக்கு நாட்கூலி ஐம்பது காசு அளவில்தான் நின்றது. அதே வேலை செய்த சீனத் தொழிலாளி அதைவிடக் கூடுதலாகப் பெற்றார்.

அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். பெண்களிடம் தோட்ட அதிகாரிகள் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றனர். இவற்றோடு, கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்த வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. இந்தக் கடைசிக் கோரிக்கையை நாம் சிறப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும். துரைமீது இருந்த சினத்திற்குச் சற்றும் குறையாத சினம் கிராணிமீதும் இருந்தது என்பதை அது காட்டுகின்றது.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரி வேலை நிறுத்தம் பரவிற்று. சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டங்களில் அமைதி திரும்பியது போலத் தோன்றிற்று. ஆனால் மனக்காயம் ஆறவில்லை. ஆறுவதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டனர்.

1941 டிசம்பர் 8-இல் அவர்கள் கோத்தாபாருவில் இறங்கினர். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. எழுபது நாட்களில் எல்லாம் முடிந்தது. துரைமார் தோட்டங்களை விட்டு ஓடினர். அவர்கள் விட்டுச் சென்ற பொறுப்பு பல இடங்களில் தலைமைக் கிராணியின் கைக்கு வந்தது.

இப்போது மலாயா இந்தியர் ஒரு கூண்டுக்குள் அகப்பட்டவர் ஆயினர். இந்தியாவுக்குக் கப்பல் இல்லை. கடிதப் போக்குவரத்தும் இல்லை. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும் பங்கை வெளிநாட்டிலிருந்து வாங்கிய நாடு. அது வருவதும் அருகிற்று. ரப்பரை வாங்கிய அமெரிக்கச் சந்தையும் ஐரோப்பியச் சந்தையும் அடைபட்டதால் பால்மரம் சீவுவதால் பயன் இல்லாமற் போயிற்று. வேலை இல்லை, கூலி இல்லை, சோறு இல்லை. மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. கெம்பெய்தாய் என்ற இராணுவப் போலீசிடம் யார் யாரைக் காட்டிக் கொடுப்பாரோ என்று அண்டை வீட்டாரும் ஒருவரையொருவர் அஞ்சினர்.

இந்நிலையில் ஜப்பானியர் இந்தியரிடம் நண்பராகவே பேசினர் என்பது கவனிக்கத்தக்கது. சீனரைத் தங்கள் பகைவராகக் கருதி வேட்டையாடியவர்கள், இந்தியரிடம், ‘உங்கள் நாட்டு விடுதலைக்கு உதவுகிறோம்’ என்றனர். அதன் விளைவாக இந்திய சுதந்திர லீக் கிளைகள் மலாயா முழுவதும் தோன்றின. சிறைப்பட்ட இந்திய வீரர்களைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய இராணுவத்தைத் தொடங்கினார்.

அப்போது தலைவர்கள் முன் நின்ற கேள்வி ஒன்றே: ஜப்பானியனை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு விடை காண்பதில் அவர்கள் பிளவுபட்டனர்.

தொடக்கமே துயரமாக இருந்தது. 1942 மார்ச்சில் தோக்கியோ மாநாட்டுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று விபத்துக்குள்ளாயிற்று. மலாயா மத்திய இந்தியர் சங்கத்தின் செயலாளர் நீலகண்ட ஐயரும், சுவாமி சத்தியானந்த புரி, கியானி பிரீதம் சிங் ஆகியோரும் அதில் மாண்டனர். 1942 ஜூனில் பாங்காக் மாநாடு கூடிற்று. நடவடிக்கைக் குழு ஒன்று அமைந்தது. ராஷ் பிகாரி போஸ் தலைவர். பினாங்கு வழக்கறிஞர் என். இராகவன், மாத்ருபூமி இதழின் முதல் ஆசிரியராக இருந்த கே. பி. கேசவ மேனன், மோகன் சிங், கிலானி ஆகியோர் உறுப்பினர்.

இந்தியப் படை இந்தியர் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். விடுதலை பெறும் இந்தியாவின் உரிமைகளை ஜப்பான் வெளிப்படையாக ஏற்க வேண்டும் என்று மாநாடு கேட்டது. ஜப்பானிய அரசு நேரான விடை தரவில்லை. இனிய சொற்கள் வந்தன, உறுதிமொழி வரவில்லை. பினாங்கில் இராகவன் நடத்திய சுயராஜ்யப் பயிற்சிக் கழகத்து மாணவர் சிலரை, அவருக்குத் தெரியாமலே ஜப்பானியர் உளவு வேலைக்கு இந்தியாவுக்கு அனுப்பிவிட்டனர். அவர் கழகத்தை மூடினார். தம் வீரர்களைப் பர்மாவுக்கு அனுப்ப மோகன் சிங் மறுத்தார்.

1942 டிசம்பரில் எல்லாம் உடைந்தது. மேனன், மோகன் சிங், கிலானி மூவரும் குழுவிலிருந்து விலகினர். அம்மாதம் 29-ஆம் நாள் மோகன் சிங் கைது செய்யப்பட்டார். அவர் முன்பே இட்டிருந்த ஆணைப்படி படை கலைந்தது.

இதில் யார் சரி, யார் தவறு என்று எளிதில் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ராஷ் பிகாரி போஸ் 1915-ஆம் ஆண்டு முதல் ஜப்பானில் வாழ்ந்தவர். ஜப்பானியப் பெண்ணை மணந்தவர். ஆகவே அவரை ஜப்பானியரின் கைப்பாவை என்று பலர் ஐயுற்றனர். அவரோ, ஜப்பானியரை முறைத்துக்கொண்டால் இருபது லட்சம் இந்தியருக்குக் காவல் யார் என்று எண்ணினார். தென்கிழக்காசியாவில் அகப்பட்டுக் கிடந்த இந்தியரின் தொகை ஏறத்தாழ அவ்வளவு. மோகன் சிங்கோ, தலைவணங்கி நடந்தால் விடுதலைப் படை கூலிப்படை ஆகிவிடும் என்று எண்ணினார். இருவரும் நாட்டன்பர்களே. ஆனால் ஒருவரையொருவர் நம்பாததனால், ஜப்பானியரிடம் ஒரே குரலில் பேசும் வலிமையை அவர்கள் இழந்தனர்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். லீக்கின் மேல்மட்டம் உடைந்து, மீண்டும் கூடாமல் கிடந்த அந்த மாதங்களில்தான் தோட்டங்களில் பேரிடி விழுந்தது.

சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதையை ஜப்பானியர் 1942-இல் தொடங்கினர். அதற்கு நம் நாட்டின் கிழக்குக்கரை ரயில்பாதையிலிருந்தே தண்டவாளங்களைப் பெயர்த்துச் சென்றனர். போர்க்கைதிகள் மட்டும் போதாமையால், 1943-ஆம் ஆண்டில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பெருந்தொகையாக ஆள் சேர்க்கத் தொடங்கினர். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, இலவச உணவு என்று ஆசை காட்டினர். பட்டினியில் கிடந்தோர் சிலர் தாமாகவே போயினர். முதலில் போனவர் திரும்பி வராததைக் கண்டதும் எவரும் முன்வரவில்லை. அதன்பின் பிடித்துச் செல்வது வழக்கமாயிற்று.

எவ்வாறு பிடித்தனர்? இந்தத் தோட்டத்திலிருந்து இத்தனை பேர் வேண்டும் என்று ஜப்பானியர் கட்டளையிடுவர். யார் யார் போவது என்பதைப் பெரும்பாலும் கிராணியும் கங்காணியுமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. நேயர்களே, இங்கேதான் உட்பகை தன் வேலையைக் காட்டிற்று. தலைக்கணக்கு ஜப்பானியருடையது, பெயர்ப் பட்டியலோ நம்மவர் கையால் எழுதப்பட்டது. எதிர்த்துப் பேசியவன், வேலை நிறுத்தத்தில் முன்னின்றவன், வேண்டாதவன், கேட்க நாதியற்றவன் ஆகியோரின் பெயர்கள் முதலில் ஏறின என்று தொழிலாளர் நம்பினர். கிள்ளான் வேலை நிறுத்தம் நடந்து இரண்டாண்டே ஆகியிருந்த நிலையில், அந்த நம்பிக்கை வேரூன்றியதில் வியப்பில்லை.

கிராணியின் நிலையையும் நாம் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். அவரும் கூண்டுக்குள் இருந்தவரே. கேட்ட தொகைக்கு ஆள் கொடுக்காவிடின் அவரும் அவர் குடும்பமும் கெம்பெய்தாயின் கையில் சிக்க நேரும். அந்த அச்சத்தில் எழுதியவர் உண்டு. பழைய வன்மத்தைத் தீர்த்துக்கொள்ள எழுதியவரும் உண்டு. ஆனால் லயத்தில் இருந்தவர்க்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. நம்பிக்கை முன்பே செத்துப்போயிருந்தது. கிராணியும் கங்காணியும் தொழிலாளரும் ஒன்றாக அமர்ந்து, பிள்ளைகுட்டிக்காரரை விலக்குவோம், நோயாளியை மறைப்போம் என்று பேசக்கூடிய நிலை மிக அரிதாகவே இருந்தது.

இக்குறை இந்தியருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. நமக்குப் பத்துமலை என்றதும் தைப்பூசம் நினைவுக்கு வரும். அதே பத்துமலை அருகே 1942 செப்டம்பர் 1-ஆம் நாள் விடியற்காலையில் மற்றொரு கொடுமை நிகழ்ந்தது. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர்கள் அங்கே இரகசியக் கூட்டத்திற்கு வந்திருந்தனர். ஜப்பானியப் படை அவர்களைச் சூழ்ந்து தாக்கிற்று. பலர் கொல்லப்பட்டனர், வேறு பலர் பிடிபட்டனர். கூட்டத்திற்கு வரவேண்டிய பொதுச்செயலாளர் லாய் டெக் மட்டும் வரவில்லை. அவர் அவ்வாண்டின் முற்பகுதியிலேயே ஜப்பானியரிடம் பிடிபட்டு, அவர்களுக்கு உளவாளியாக மாறியிருந்தார் என்பது போருக்குப் பின்னரே வெளிப்பட்டது. 1947-இல் அவர் கட்சிப் பணத்தோடு மறைந்தார். தலைவர் ஒருவரே தம் தோழர்களை விலைபேசியதும், அவரை ஐயுற்றவர்கள் அதனைத் துணிந்து சொல்ல முடியாமற் போனதும் அந்த இயக்கத்தைப் பல்லாண்டுகள் அரித்தன. சாவு சூழ்ந்த இடத்தில் ஐயமும் நஞ்சு. கண்மூடிய நம்பிக்கையும் நஞ்சே.

இனி, பிளவு ஓரளவு கூடிய கதைக்கு வருவோம். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ராஷ் பிகாரி போஸ் தம் தலைமைப் பதவியைத் தாமே முன்வந்து அவரிடம் ஒப்படைத்தார்; அது பாராட்டத்தக்க பெருந்தன்மை. விலகிச் சென்றிருந்த இராகவன் மீண்டும் வந்து, பின்னர் நிதியமைச்சராகவும் பணிபுரிந்தார். படை மீண்டும் எழுந்தது. கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி தேவர், தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அப்படையில் பெரும்பாலோர் தோட்டத்துப் பெண்கள். பட்டணத்துப் பெண்ணும் பால்மரம் சீவிய பெண்ணும் ஒரே சோற்றை உண்டு, ஒரே கூடாரத்தில் உறங்கினர். சாதியும் மொழியும் அங்கே பின்வாங்கின. லயத்தில் குனிந்து நின்ற இளைஞன் சீருடை அணிந்து நிமிர்ந்து நின்றான். படையில் சேர்ந்தால் சயாமுக்குப் போவதிலிருந்து தப்பலாம் என்று சேர்ந்தவரும் உண்டு. அதனால் அவர்தம் தியாகம் சிறுத்துவிடாது.

கேசவ மேனன் போன்று, ஜப்பானியரை நம்ப இறுதிவரை மறுத்தவரும் இருந்தனர். அவர் அதற்காகச் சிறை சென்றார். செல்வர்களிடம் நிதி திரட்டியபோது, மனமுவந்து கொடுத்தவரோடு அஞ்சிக் கொடுத்தவரும் இருந்தனர். ஆகவே அந்த ஒற்றுமையும் முழுமையானதன்று. ஆயினும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் இந்தியர் அதற்கு முன் கண்டிராத ஒற்றுமை அது.

ஆனால் அது காலம் கடந்து வந்த ஒற்றுமை. இரு தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1943 அக்டோபர் 17-ஆம் நாள் சயாம் காட்டில் ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அக்டோபர் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். இடையே நான்கே நாட்கள். ஒருபுறம் ஒரு சமுதாயம் தலைநிமிர்ந்தது. மறுபுறம் அதே சமுதாயத்தின் எலும்புகள்மீது பாதை முடிந்திருந்தது.

மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் 75,000-க்கு மேற்பட்டவர் என்பர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஜப்பானியர் பதிவேடுகளின்படியே மாண்டவர் கிட்டத்தட்ட 30,000 பேர். உண்மைத் தொகை அதைவிட மிகுதி என்பது பலர் முடிவு. அதே பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்தனர். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதாவது ஐந்தில் ஒருவர். நம்மவரில் இறந்தவரோ மூவரில் ஒருவருக்கும் மேல்.

அதே காடு, அதே மழை, அதே காலரா, அதே ஜப்பானியக் காவலன். பின் ஏன் இந்த வேற்றுமை? போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் உடன் இருந்தனர். மருத்துவர்கள் உடன் இருந்தனர். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிவிடத்தைத் தள்ளித் தோண்டு என்று ஆணையிடவும், நோயாளியை வேலைக்கு அனுப்பாதே என்று காவலனிடம் வாதாடி அடிபடவும் அவர்களுக்கு ஆள் இருந்தது. நம் தொழிலாளிக்கு அப்படி எவரும் இல்லை. பல தோட்டங்களிலிருந்து கூட்டிச் சேர்க்கப்பட்ட, ஒருவரையொருவர் அறியாத கூட்டம் அது. படித்தவர்கள் உடன் வரவில்லை. பேச ஒரு தலைவன் இல்லை. ஒழுங்கமைப்பும் நம்பிக்கையும் வெறும் நற்பண்புகள் அல்ல. அவை உயிரைக் காக்கும் மருந்து என்பதை அந்தக் காடு மெய்ப்பித்தது.

1945-இல் போர் முடிந்தது. சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்கள், தங்களை அனுப்பிய கிராணிமாரையும் கங்காணிகளையும் தேடினர். சில தோட்டங்களில் அடிதடிகள் நிகழ்ந்தன. ஆனால் பழிவாங்குதலோடு கதை முடியவில்லை. 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் எழுந்து, 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றிணைந்தன. தன் பெயரைப் பிறர் பட்டியலில் எழுதும்வரை காத்திராமல், தன் கருத்தைத் தானே எடுத்துரைக்கத் தொழிலாளி கற்றுக்கொண்டது இந்தத் துன்பத்திலிருந்துதான் என்று கூறலாம்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பகைவன் புதிதாகப் பிளவை உண்டாக்குவதில்லை. நாம் நல்ல காலத்தில் விட்டுவைத்த பிளவில் அவன் விரலை நுழைக்கிறான். 1941-இல் கிராணிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு சிறிது மரியாதை இருந்திருந்தால், 1943-இல் பல பட்டியல்கள் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். தலைவர்கள் கருத்து மாறுபடலாம், மாறுபடத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் பூசலிடும் நேரத்தில் கீழே இருப்பவரைக் காப்பது யார் என்ற கேள்வியை மறத்தல் ஆகாது.

போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைகள் உண்டு. கற்களில் பெயர்களும் உண்டு. நம்மவரில் மிகப் பலருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. தோட்டப் பள்ளிகளில் பயின்ற, பயில்கின்ற பிள்ளைகளுள் பலருக்குக் கொள்ளுப்பாட்டன் ஒருவராவது அந்தக் காட்டில் கிடப்பார். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்திலோ தோட்டத்திலோ சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், திரும்பினாரா என்று முதியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அவர்களைச் சாவுக்கு அனுப்ப ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அவர்களை நினைவில் வைக்க ஒரு பட்டியல் எழுதுவது நம் கடமையன்றோ?